சிங்கப்பூர் டூர்: தினச்செலவுக் கணக்கில் நாம் கோட்டை விடும் இடங்கள்

ஆளுக்கு நாளைக்கு 50 சிங்கப்பூர் டாலர், நாலு பேர், அஞ்சு நாள், ஆக 1000 டாலர். நாகர்கோவிலில் உட்கார்ந்து நோட்டில் இப்படித்தான் எழுதினேன். மூணாம் நாள் சாயங்காலமே கவர் மெலிந்துபோச்சு. பெருக்கல் சரிதான், எல்லா நாளும் ஒரே செலவு என்று வைத்த இடத்தில் மாட்டினேன். செந்தோசா தீவு மாதிரி டிக்கெட் எடுக்கிற நாள் வேறு, பொட்டானிக் கார்டனில் இலவசமாகச் சுற்றுகிற நாள் வேறு. டிக்கெட் காசைத் தினச்செலவோடு கலக்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.

அப்புறம், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் விமானம் ஏறும் நம்ம ஊர்க்காரர்களுக்குச் செலவு களியக்காவிளை எல்லை தாண்டும்போதே தொடங்கிவிடும். பெட்டிகளோடு பஸ்ஸில் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு போய் அங்கிருந்து ஆட்டோ பிடிப்பதா, வீட்டு வாசலிலிருந்தே டாக்ஸியா என்று முதலிலேயே முடிவு பண்ணி, திரும்பி வருவதற்கும் சேர்த்து எழுதுங்கள். சிங்கப்பூரில் நடுராத்திரிக்கு மேல் இறங்கினால் மெட்ரோ ரயில் ஓடாது, டாக்ஸியில் காலை 6 மணி வரை மீட்டருக்கு மேல் 50 சதவீதம் கூடுதல்.

சாப்பாட்டில்தான் பெரிய அடி. அம்மா ஒன்றரை டாலர் சாயாவை உடனே ரூபாயாக்கி, "நூறு ரூவாய்க்கு ஒரு சாயாவா? அதுல வடசேரியில எல்லாருக்கும் சாயாவும் ரசவடையும் வாங்கலாமே மக்கா" என்று குடிக்கவே மறுத்துவிட்டார். மதியம் வரை எல்லாரும் பட்டினி, கடைசியில் பசி தாங்காமல் கண்ணில் பட்ட ஏசி ரெஸ்டாரெண்டில் நுழைந்தோம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்ததை யாருமே கவனிக்கவில்லை. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி என்று அர்த்தமாம். 20 டாலர் சாப்பாடு பில்லில் 23.98 ஆகிவிடும். கேட்காமலே மேஜையில் வைத்த ஈர டிஷ்யூவுக்கும் தனிக் காசு. லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டர் போன்ற இடங்களில் உள்ள ஹாக்கர் கடைகளில் (ஒரே கூடத்தில் வரிசையாக இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள்) இந்தத் தொல்லை கிடையாது, போட்டிருக்கிற விலைதான். தண்ணீர் பாட்டிலும் வாங்க வேண்டாம், அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் ரேட். டாலரில் கட்டினாலும் நம்ம பேங்க் கார்டுகள் பலவற்றில் 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வேறு. மெட்ரோவில் வெளிநாட்டு கார்டைத் தட்டினால் அன்றைக்கு 60 சென்ட் கூடுதல், அதுவும் ஒரு கார்டில் ஒருத்தர்தான் போகலாம். நாலு பேர் என்றால் ஆளுக்கொரு ஈசி-லிங்க் கார்டே (பணம் ஏற்றி மெட்ரோ, பஸ்ஸில் தட்டுகிற கார்டு) எடுத்துவிடுங்கள்.

சில்லறையை ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் நோட்டுதான் வாங்குவார்கள். கடைசி நாள் பையில் கிடந்த நாணயங்களை அம்மாதான் எண்ணிப் பார்த்தார். நாலு சாயாவுக்குச் சரியாக இருந்தது.