நாகமாச்சி சாமுராய் தெருக்களை அரை நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஜப்பானின் கனாசவா நகரில், அந்தக் காலப் போர்வீரர்களான சாமுராய்கள் குடியிருந்த பகுதி நாகமாச்சி. முதல் தடவை அங்கே போனபோது இருபதே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ஒரு வீடு, நாலு போட்டோ, அவ்வளவுதான். அறைக்குத் திரும்பி வாங்கிவந்த வரைபடத்தை விரித்த பிறகுதான், பாதிக்கு மேல் பார்க்கவே இல்லை என்று புரிந்தது. மறுநாள் காலை மறுபடி போனேன். அந்த இரண்டாவது நடையின் வரிசைதான் இது.

போவதற்கு முன் ஒரே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கனாசவா நகரம் 1583 முதல் மாயெதா குடும்பத்தின் கையில் இருந்தது. அவர்களுடைய காகா சிற்றரசுக்கு மதிப்பு பத்து லட்சம் கொக்கு. ஒரு கொக்கு என்றால் ஓர் ஆள் ஓர் ஆண்டுக்குச் சாப்பிடும் அரிசி, ஏறக்குறைய 150 கிலோ. சாமுராய்களின் வருமானமும் இதே அளவில்தான். யாருக்கு எத்தனை கொக்கு என்று தெரிந்தால் போதும், வாசலைப் பார்த்தே வீட்டுக்காரரின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம்.

படி 1: போய்ச் சேருவது

டோக்கியோவிலிருந்து வேகமான ஷின்கான்சென் (புல்லட்) ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஒசாகாவிலிருந்து வந்தால் சுருகாவில் வண்டி மாற வேண்டும். கனாசவா நிலையத்தில் பஸ் ஏறி கோரின்போ நிறுத்தத்தில் இறங்குங்கள். பத்து நிமிடம்தான். சில்லறை கையில் இருக்கட்டும். பெரிய கடைகளுக்குப் பின்பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் சத்தம் சட்டென்று அடங்கும். வந்துவிட்டீர்கள்.

குடை இல்லாமல் போகாதீர்கள். ‘சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்பது அந்த ஊர்ப் பக்கத்துப் பழமொழி. காலையில் வெயிலை நம்பிக் கிளம்பி நனைந்தவன் சொல்கிறேன்.

படி 2: வீட்டுக்குள் நுழையாதீர்கள், முதலில் சுவரைப் பாருங்கள்

எல்லோரும் நேராக டிக்கெட் வாங்கப் போவார்கள். நீங்கள் எட்டு மணிக்கே வந்து தெருவில் நடங்கள். இருபுறமும் மஞ்சள் கலந்த மண்சுவர்கள், அடியில் கல், தலைக்கு மேல் சிறு கூரை. டிசம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை போனால் சுவர்கள் வைக்கோல் பாய் போர்த்தி நிற்கும். அலங்காரம் இல்லை, காரணம் உண்டு. சுவரில் ஊறும் பனி ஈரம் உறைந்தால் மண் உப்பி உதிர்ந்துவிடும். அதற்குத்தான் பாய்.

இப்போது கீழே பாருங்கள். தெருமூலைகளில், சுவரை ஒட்டி, முழங்கால் உயரம்கூட இல்லாத கல் ஒன்று கிடக்கும். நான் முதல் நாள் இதன்மேல் பையை வைத்துவிட்டு ஷூ லேஸ் கட்டினேன், என்னவென்றே தெரியாமல். இதற்குப் பெயர் கொப்போ கல். மரச் செருப்பின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும் பனியைத் தட்டி உதிர்க்கப் போட்ட கல். வாளும் கவசமும் எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்கும், இது தெருவிலேயே கிடக்கிறது.

பக்கத்திலேயே ஓனோஷோ கால்வாய் ஓடுகிறது. வீடுகளுக்குப் போக அதன்மேல் சின்னச் சின்னப் பாலங்கள். அந்த வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். திறந்திருக்கும் எல்லா வாசலுக்குள்ளும் எட்டிப் பார்க்காதீர்கள்.

படி 3: நோமுரா வீடு

காலை 8:30க்குத் திறப்பார்கள், கட்டணம் 550 யென் வாக்கில். ஷூவைக் கழற்ற வேண்டும், தரை ஜில்லென்று இருக்கும், தடித்த சாக்ஸ் போடுங்கள்.

நோமுராக்கள் ஆயிரம் கொக்குக்கு மேல் வாங்கியவர்கள். ஆனால் 1871இல் சிற்றரசுகள் கலைக்கப்பட்டன, 1876இல் அரிசிச் சம்பளமும் நின்றது. நிலம் கைமாறியது. இன்று எல்லோரும் வாய் பிளந்து பார்க்கும் சைப்ரஸ் மர உட்கூரை போட்ட அறை, பிற்காலத்தில் ஒரு பணக்கார வணிகரின் மாளிகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது! சாமுராய் வீட்டின் சிறந்த அறை வியாபாரி வீட்டு அறை. எனக்கு இது ஏமாற்றமாக இல்லை, அந்தக் காலம் புரண்ட விதத்தை இதைவிட நன்றாக எது காட்டும்?

தோட்டத்தின் முன் திண்ணையில் பத்து நிமிடமாவது உட்காருங்கள். தண்ணீர் காலடி வரை வருகிறது. அப்புறம் உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கடிதம் இருக்கும், தேடிப் பாருங்கள். எதிரியின் தலையைக் கொண்டுவந்ததற்கு மிகப் பணிவான நன்றிக் கடிதம் அது. அவ்வளவு அமைதியான தோட்டத்தைப் பார்த்துவிட்டு அதைப் படித்தபோது கொஞ்சம் திடுக்கென்றது.

படி 4: இலவச வீடுகள்

தகாதா வீட்டின் நுழைவாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 550 கொக்குக்காரர். வாயிலோடு சேர்ந்தே ஒருபுறம் குதிரைக் கொட்டில், இன்னொருபுறம் வேலையாள் அறை. ஐந்து நிமிடம் போதும்.

அங்கிருந்து கால்வாயோரமாக நடந்து அஷிகாரு அருங்காட்சியகத்தைப் பிடியுங்கள். அஷிகாரு என்றால் கடைநிலைக் காலாட்படை வீரர்கள். பலகைக் கூரை காற்றில் பறக்காமலிருக்க மேலே கற்களை வைத்திருக்கிறார்கள். வீடு சிறியதுதான், ஆனாலும் தனி வீடு, சுற்றிலும் தோட்டம். மற்ற சிற்றரசுகளில் இந்த நிலை வீரர்கள் பெரும்பாலும் வரிசை வீடுகளில் ஒண்டிக் கிடந்தார்கள். பத்து லட்சம் கொக்கின் மிச்சம் இவர்கள் வரை வந்திருக்கிறது போல.

இதற்குள் பசிக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் உஷாராக இருங்கள்: காய்கறிச் சூப் என்று நம்பி வாங்குவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். நான் முன்யோசனையாக நிலையத்திலேயே பழமும் உப்புப் போட்ட சோற்று உருண்டையும் வாங்கிவைத்தேன், கால்வாயோரம் நிதானமாகச் சாப்பிட்டேன்.