12 வோல்ட்டுக்கு மாற்றியும் சார்ஜ் ஏறாத டிரயம்ஃப்

என் டிரயம்ஃப் பைக் 1960களின் தொடக்கத்தில் வந்த 6 வோல்ட் வண்டி, முந்தைய உரிமையாளர் பேட்டரி, பல்பு, இக்னிஷன் காயில் எல்லாவற்றையும் 12 வோல்ட்டாக மாற்றி வைத்திருந்தார். பகலில் ஓட்டினால் சரி. ஹெட்லைட் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பேட்டரி வோல்டேஜ் 12க்குக் கீழேதான்.

மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பழைய லூக்காஸ் கம்பெனியுடையது, அதன் ஸ்டேட்டரிலிருந்து (சுழலாத சுருள் பகுதி) மூன்று ஒயர்: பச்சை-வெள்ளை, பச்சை-மஞ்சள், பச்சை-கறுப்பு. 6 வோல்ட் காலத்தில் வோல்டேஜைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் கிடையாது, லைட் சுவிட்சைத் திருப்பும்போதுதான் எல்லாச் சுருள்களும் வேலைக்கு வரும். அந்தச் சுவிட்ச் ஒயரிங்கைக் கழற்றியவர்கள் பச்சை-கறுப்பை அப்படியே தொங்கவிட்டுவிட்டார்கள், அதனால் எந்நேரமும் பாதி ஆல்டர்னேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பச்சை-மஞ்சளையும் பச்சை-கறுப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு ஒயராக்கினேன். அதுவும் பச்சை-வெள்ளையும் புது ரெகுலேட்டர் ரெக்டிஃபையரின் (ஏசியை டிசியாக்கி வோல்டேஜையும் கட்டுப்படுத்தும் யூனிட்) இரண்டு ஏசி ஒயர்களுக்குப் போயின, பழைய ரெக்டிஃபையர் வெளியே. இங்கே ரொம்ப கவனம் வேண்டும், இந்த வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் ஃபிரேமோடு சேரும். மாற்றிக் கொடுத்தால் புது யூனிட் புகைந்துவிடும். எர்த்தை ஃபிரேம் பெயின்ட்டை நம்பி விடாமல் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கே தனி ஒயராக இழுத்தேன்.

இப்போது நடுத்தர வேகத்தில் 14 வோல்ட்டைத் தாண்டுகிறது, ஹெட்லைட் போட்டாலும் 13.5க்குக் கீழே இறங்குவதில்லை. ஐடிலில் மட்டும் கொஞ்சம் குறையும், அது இந்த ஆல்டர்னேட்டரின் இயல்பு.