உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குத் தன்னார்வலர்களைச் சேர்ப்பது எப்படி? ஒரு ஸ்கேன் நாளிலிருந்து தொடங்குங்கள்

வரலாற்றுச் சங்கம் என்றதும் பலருக்கு மனசில் வருவது பூட்டிய அலமாரியும் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் மாதக் கூட்டமும்தான். "உதவிக்கு ஆள் தேவை" என்று அறிவிப்பு ஒட்டினால் யாரும் வருவதில்லை. வந்தால் என்ன வேலை, எவ்வளவு நேரம் ஆகும், தனக்கு அது வருமா என்று எதுவும் அதில் இல்லையே, எப்படி வருவார்கள்? ஆட்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் நாம் கேட்ட விதத்தைத்தான் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 1: வேலையைத் துண்டு போடுங்கள்

"ஆவணங்களை ஒழுங்குபடுத்த வேண்டும்" என்பது மலை. "சனிக்கிழமை காலை 2 மணி நேரம், ஒரு பெட்டியில் இருக்கும் 40 படங்களுக்குப் பென்சிலால் எண் போட வேண்டும், உட்கார்ந்தே செய்யலாம்" என்பது வேலை. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2018இல் தொடங்கிய 'பை த பீப்பிள்' திட்டத்தைப் பாருங்கள். பழைய கையெழுத்துக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தை எடுத்துத் தட்டச்சு செய்யலாம், அதை இன்னொரு தன்னார்வலர் சரிபார்ப்பார். ஒரே ஒரு பக்கம் செய்துவிட்டுப் போனாலும் அது முடிந்த வேலைதான். உங்கள் சங்கத்தில் பத்துப் பேர்தான் இருந்தாலும் இதே முறை செல்லும். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு.

படி 2: ஸ்கேன் நாள் நடத்துங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் கடிதங்களையும் எடுத்து வாருங்கள், நாங்கள் ஸ்கேன் செய்துவிட்டு அன்றைக்கே அசலைத் திருப்பித் தருகிறோம், உங்களுக்கும் ஒரு நகல் உண்டு என்று அழையுங்கள். 'அன்றைக்கே' என்ற சொல் முக்கியம், குடும்பப் படத்தை யாரும் லேசில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

நான்கு மேசை போதும். முதல் மேசையில் பெயரை எழுதி, நகலைச் சங்கம் எப்படிப் பயன்படுத்தலாம் என்று எளிய மொழியில் இருக்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது. இரண்டாவதில் ஸ்கேனர். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள், படத்தின் தரம் குறையாமல் வைக்கும் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். 6 அங்குலத்துக்கு 4 அங்குல வண்ணப் படம் ஒன்று இப்படிச் சுமார் 25 எம்பி வரும், ஆக ஆயிரம் படத்துக்கு 25 ஜிபி. இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

மூன்றாவது மேசையில்தான் உங்களிடம் இருப்பதிலேயே பொறுமையான ஆளை உட்கார வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த வருஷம், யார் எடுத்தது என்று கேட்டு எழுதும் மேசை அது. ஸ்கேனர் முகத்தை மட்டும்தான் எடுக்கும், பெயரோ படத்தைக் கொண்டு வந்தவரின் நினைவில் இருக்கிறது, அன்றைக்குக் கேட்காமல் விட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. நான்காவதில் அசலை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

படி 3: நிறையப் பேசியவரை மறுபடி சந்தியுங்கள்

மூன்றாவது மேசையில் எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள் சிலர். அவர்கள்தான் உங்கள் வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்கான ஆட்கள். இரண்டு தன்னார்வலர்களாகப் போங்கள், ஒருவர் கேள்வி கேட்கட்டும், மற்றவர் பதிவுக் கருவியைப் பார்த்துக்கொள்ளட்டும். போனில் பதிவு செய்வதானால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியிலிருந்து தள்ளி உட்காருங்கள், 2 நிமிஷம் பதிந்து போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி வேண்டாம்; "அந்த வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் என்ன தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள், வாசலிலிருந்து கொல்லை வரை அவரே கூட்டிப் போவார். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் காத்திருங்கள், நல்ல விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், பெரியவர்கள் களைத்துப்போவார்கள். பதிவு முடிந்ததும் எதை வெளியிடலாம், எதை வேண்டாம் என்று அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். ஒரே ஆளிடம் கொடுத்தால் அவர் அடுத்த மாதம் வர மாட்டார், பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக் கொடுங்கள்.

படி 4: செய்யக் கூடாததை முதலிலேயே சொல்லுங்கள்

பயிற்சி என்று பெரிய வகுப்பு வேண்டாம், அரை மணி நேரம் போதும். ஆவணம் இருக்கும் மேசையில் பேனா கூடாது, பென்சில்தான். செல்லோடேப் கூடவே கூடாது, அதன் பசை காகிதத்தைக் கறையாக்கும். காகிதத்துக்குக் கழுவி உலர்ந்த கையே போதும், படங்களுக்கும் நெகட்டிவுக்கும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. கல்லறைக் கற்களைப் பதிவு செய்யப் போனால் கம்பி பிரஷும் பிளீச்சும் கல்லைக் கெடுத்துவிடும். பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, படம் எடுத்து எழுத்தைப் படித்து எழுதினாலே போதும்.

கோப்புகளுக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். இதற்கென்று ஒரு ஆளைப் பொறுப்பாக வையுங்கள்.

படி 5: செய்ததைக் காட்டுங்கள்

வந்து உழைத்தவர் அடுத்த முறையும் வருவது அவர் செய்தது எங்கே போனது என்று தெரிந்தால்தான். ஸ்கேன் நாள் முடிந்து ஒரு மாதத்துக்குள் படங்களைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள், சம்மதித்தவர்களின் பெயரை 'எழுதியவர்', 'சரிபார்த்தவர்' என்று கீழே போடுங்கள். பெயர் தெரியாத முகங்கள் இருக்கும் படங்களைத் தனியாக ஒரு வரிசையில் மாட்டி, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண், பக்கத்தில் தாளும் பென்சிலும். வேடிக்கை பார்க்க வந்தவர் "இது எங்கள் மாமா" என்று எழுதத் தொடங்கும்போது அவரும் தன்னார்வலர் ஆகிவிடுகிறார், கையோடு அடுத்த ஸ்கேன் நாளின் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஒரே முகத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் ஒன்றை அடிக்காதீர்கள், இரண்டையும் எழுதி யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று குறித்து வையுங்கள்.