கிழித்து ஒட்டி ஒரு வாழ்த்து அட்டை: கின்ட்சுகி பாணியில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கறுப்பு அட்டையில் தங்க நிற ஜெல் பேனாவால் நாலு கோணல் கோடு இழுத்துவிட்டு அதைக் கின்ட்சுகி (உடைந்த பாத்திரத்தைத் தங்கக் கோடு தெரிய ஒட்டும் ஜப்பானியக் கலை) என்று சொல்லாதீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், வாங்கிப் பார்த்தவர் "இது எந்த ஆறு?" என்று கேட்டார். உடையாத ஒன்றின் மேல் விரிசல் வரைந்தால் அது விரிசலாகத் தெரியாது. தாள் நிஜமாகவே கிழிய வேண்டும்.

ஜப்பானிய மொழியில் 'கின்' என்றால் தங்கம், 'ட்சுகி' என்றால் இணைப்பு. உடைந்த கிண்ணத்தை உருஷி மரத்தின் பாலான அரக்கில் மாவு குழைத்து ஒட்டுவார்கள், பள்ளங்களை நிரப்பித் தேய்ப்பார்கள், அப்புறம் அந்தக் கோட்டின் மேல் பெரும்பாலும் சிவப்பு அரக்கை மெல்லிசாகப் பூசி, அது பாதி இறுகிய பதத்தில் தங்கப் பொடியைத் தூவுவார்கள். ஆக, உடைந்த துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது அரக்குதான், தங்கம் மேல்பூச்சு. இந்த அரக்கு இறுக ஈரப்பதம் வேண்டும் என்பதால் ஈரமான பெட்டிக்குள் வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். நமக்கு ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் போதும். ஆனால் அடியில் சிவப்பு, பாதி காய்ந்த பதம், அதன் மேல் பொடி என்ற அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அடி அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் இருக்கட்டும். ஏ5 அளவை நடுவில் மடித்தால் ஏ6 வரும், சி6 உறைக்குள் சரியாகப் போகும். கிழிக்கப்போகும் தாள் 120 ஜிஎஸ்எம் அளவில், உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருப்பது முக்கியம், மேலே மட்டும் நிறம் அச்சடித்த தாளைக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளை உதடு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மற்றபடி வெள்ளைப் பசை, செங்காவி நிற அக்ரிலிக் பெயின்ட், தங்க நிற மைகா பவுடர் (மினுமினுக்கும் நிறப்பொடி), ஒரு மெல்லிய பிரஷ், தட்டிவிட ஒரு மிருதுவான பிரஷ், பட்டர் பேப்பர். கூடவே கொஞ்சம் முகப் பவுடர், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நிறத்தாளில் எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கிண்ண வடிவம் வெட்டிக்கொள்ளுங்கள். இப்போது கிழிக்க வேண்டும், அட்டையின் அழகு பாதி இங்கேதான் இருக்கிறது. கிண்ணம் விழும்போது ஓர் இடத்தில் அடிபடுகிறது, விரிசல்கள் அங்கிருந்து விரிந்து ஓடுகின்றன, பின்னால் வரும் விரிசல் ஏற்கெனவே இருக்கும் விரிசலில் முட்டி நின்றுவிடுகிறது. அதனால் உடைந்த ஓட்டில் கூட்டல் குறி மாதிரி சந்திப்பு அபூர்வம். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, வாயிலிருந்து அடிவரை ஒரே ஒரு கிழி கிழித்துவிட்டு, கையில் வந்த பெரிய துண்டை மறுபடி கிழித்தால் தானாகவே அப்படி வரும். மெதுவாக, இரண்டு கட்டைவிரலும் ஒட்டினாற்போல் வைத்து. நாலைந்து துண்டுக்கு மேல் போனால் கிண்ணம் காணாமல் போய்விடும்.

துண்டுகளின் பின்னால் பென்சிலில் எண் போட்டுவிட்டு அட்டையில் பரப்புங்கள். அடிபட்ட இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, தள்ளிப் போகப் போக அரை மில்லிமீட்டர். எல்லா இடத்திலும் ஒரே அகலம் இருந்தால் ஓடு பதித்த தரை மாதிரி ஆகிவிடும். பசையைத் தண்ணீர் கலக்காமல் மெல்லிசாகத் தடவி ஒட்டி, பட்டர் பேப்பர் மூடி, கனமான புத்தகத்தின் அடியில் அரை மணி நேரம் வையுங்கள்.

அப்புறம் அட்டை முழுக்க முகப் பவுடரை லேசாக ஒற்றித் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மைகா துகள் வேண்டாத இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு எத்தனை தட்டினாலும் போகாது. இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு செங்காவி பெயின்ட் கலந்து இடைவெளிகளை நிரப்புங்கள், இருபக்க ஓரத்திலும் ஒரு மயிரிழை ஏறி நிற்கட்டும்.

இப்போது காத்திருங்கள். முதல் தடவை நான் அவசரப்பட்டு ஈரத்திலேயே தூவினேன், கலவை பொடியை முழுங்கிவிட்டு மறுநாள் சேறு நிறத்தில் பல்லைக் காட்டியது. கோட்டின் பளபளப்பு மங்கத் தொடங்கியதும் ஓர் ஓரத்தில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள், விரல் ஒட்டி விடுபட வேண்டும், ஆனால் விரலில் சிவப்பு வரக்கூடாது. பத்து நிமிடமும் ஆகலாம், மழைநாளில் அரை மணியும் ஆகலாம். அந்தப் பதத்தில் பொடியைத் தாராளமாகத் தூவி, தொடாமல் விட்டுவிட்டு, காலையில் மிருதுவான பிரஷ்ஷால் தட்டுங்கள். பொடி கொஞ்சம் குறைந்த இடங்களில் அடிச்சிவப்பு எட்டிப் பார்க்கும், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

ஒரு துண்டு தொலைந்துவிட்டதா? இன்னும் நல்லது. ஜப்பானில் காணாமல்போன ஓட்டுக்குப் பதில் வேறொரு பாத்திரத்தின் துண்டை வைத்து இணைக்கும் முறைக்கு யோபிட்சுகி என்று பெயர். அட்டை யாருக்குப் போகிறதோ அவர் முன்பு அனுப்பிய கடித உறையிலிருந்தோ, அவர் தந்த பரிசைச் சுற்றியிருந்த தாளிலிருந்தோ அந்தத் துண்டைக் கிழித்து வையுங்கள். நான் இப்போது வேண்டுமென்றே ஒரு துண்டைத் தொலைக்கிறேன். நீலத் தாள் என்றால் வெள்ளிப் பொடி நன்றாக எடுக்கும், அதற்கும் அங்கே தனிப் பெயர் உண்டு, தமிழில் எழுதினால் அதுவும் கின்ட்சுகிதான், ஆனால் முதல் எழுத்தை ஆங்கில g போல ஒலிக்க வேண்டும்: gintsugi.

உறையில் போடும் முன் முகப்பின் மேல் பட்டர் பேப்பர் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் போய்ச்சேரும்போது தங்கம் பாதி உறையின் உள்பக்கத்தில் இருக்கும்.