ஹைலைட்ஸா, பாலயாஜா, ஓம்ப்ரேயா? படத்தில் வேரைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். முடிக்குக் கலர் போட வரும் காலேஜ் பிள்ளைகள் போனில் ஒரு படத்தை நீட்டி, "அக்கா, இதே மாதிரி ஹைலைட்ஸ்" என்பார்கள். படத்தில் இருப்பது பல நேரம் ஹைலைட்ஸே இல்லை.

1. கலர் எங்கே தொடங்குகிறது?

நுனியை அப்புறம் பார்க்கலாம், முதலில் வேர். வேரிலிருந்து நுனி வரை ஒரே நிறம் என்றால் அது குளோபல். நரை மறைக்க வசதி. ஆனால் முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஆறு வாரத்தில் வகிடு காட்டிக்கொடுத்துவிடும்.

வேரை ஒட்டி மெல்லிய கோடுகளாக இறங்கினால் ஹைலைட்ஸ். வால்சீப்பால் இழை இழையாகப் பிரித்து, ஃபாயிலில் வைத்து, பிளீச் தடவி மடிப்போம். உள்ளே கலவை காயாது, சூடும் தங்கும். அதனால் நன்றாக வெளுக்கும்.

கோடே தெரியாமல் வெயிலில் தானாக வெளுத்தது போல இருந்தால் பாலயாஜ். பிரெஞ்சில் பெருக்குவது என்று பொருள். பிரஷ்ஷையும் வாசல் பெருக்குகிற மாதிரிதான் இழுக்க வேண்டும்: மேலே பட்டும் படாமல், கீழே போகப் போக அழுத்தி. கை பழக எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ஓம்ப்ரேக்கு நம் ஊர் செந்தூரா மாம்பழமே போதும். காம்புப் பக்கம் சிவப்பு, கீழே மஞ்சள். எங்கே மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. முடியில் மேலே கறுப்பு, நுனி முழுக்க வெளிர் நிறம்.

2. மறைக்காமல் சொல்லுங்கள்

முன்பு போட்ட டை, ஹென்னா பாக்கெட் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அதன்மேல் பிளீச் பட்டால் சூடேறி முடி பொடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கறுப்பு முடி வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, அப்புறம்தான் மஞ்சள். ஒரே நாளில் சாம்பல் நிறம் கேட்டு அடம்பிடிக்காதீர்கள்.

3. 48 மணி நேரம் முன்பு

காதுக்குப் பின்னால் துளி டை தடவிப் பாருங்கள். அரித்தாலோ தடித்தாலோ அந்த டை வேண்டாம். டையிலும் பிளீச்சிலும் கலக்கும் திரவத்தை "20 வால்யூம்" என்பார்கள். 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு என்று அர்த்தம். 40 என்றால் 12 சதவீதம், அதை உச்சந்தலைப் பக்கமே நான் கொண்டுபோவதில்லை.

4. வீட்டுக்குப் போன பிறகு

நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கலரை மங்க வைக்கும். கடைசி இரண்டு சொம்பாவது குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரில் அலசுங்கள்.

ஆயுத பூஜை லீவில் ஹாஸ்டல் பெண் ஒருத்தி ஹைலைட்ஸ் கேட்டு வந்தாள். அடிக்கடி வர முடியாது என்றதால் பாலயாஜ் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு வந்தபோது வேரில் 3 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. எது புதிதாக வளர்ந்தது, எது நான் விட்டு வைத்த கறுப்பு என்று எனக்கே பிடிபடவில்லை.