உங்கள் வழக்கை நீங்களே படியுங்கள்: கைபேசியும் செயற்கை நுண்ணறிவும் கொண்டு ஒரு செய்முறை

வாய்தாவுக்கு வந்துவிட்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல் பாரிமுனையில் பஸ் ஏறுகிற வழக்காடும் கட்சிக்காரர்களை, வழக்கறிஞரான நான் தினமும் பார்க்கிறேன். பெயரைக் கூப்பிட்டார்கள், வழக்கறிஞர் எழுந்து ஏதோ சொன்னார், அடுத்த தேதி கிடைத்தது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். வீடும் பணமும் அவர்களுடையவை. வழக்கு மட்டும் வேறு யாருடையதோ போல நடக்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்மார்ட்போன் போதும்.

முதல் படி: சி.என்.ஆர். எண்ணைத் தேடி எடுங்கள்

ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளம் உண்டு. அதுதான் சி.என்.ஆர். தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு என்றால் டி, என் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும்; கடைசி நான்கு இலக்கங்கள் வழக்குப் பதிவான ஆண்டு. உங்கள் வழக்கறிஞரிடமோ அவருடைய குமாஸ்தாவிடமோ கேட்டு, வழக்குக் கட்டின் மேலட்டையில் எழுதி வையுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். அந்த எண் உங்களுடையது.

எண் கிடைக்கவில்லையா? நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தமிழ்நாடு, சென்னை, பிறகு நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுத்து, வாதி அல்லது பிரதிவாதியின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நீதிமன்றப் பதிவில் உள்ளபடி இருக்க வேண்டும். முழுப் பெயரைக் கொடுத்து எதுவும் வராவிட்டால் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள்

இ-கோர்ட்ஸ் செயலியை இறக்கி எண்ணைப் போட்டதும் அடுத்த வாய்தாத் தேதியும் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் வரும். பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் கீழே போனால் வழக்கின் வரலாறு என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் பழைய வாய்தாத் தேதி ஒவ்வொன்றையும் தொட்டால், அன்று நீதிமன்றத்தில் பதிவான குறிப்பு திறக்கும். ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். ஆனால் உங்கள் வழக்கின் உயிர் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

உத்தரவும் தீர்ப்பும் பதிவேற்றப்பட்டிருந்தால் அவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். படித்துப் புரிந்துகொள்ள அது போதும். மேல்முறையீட்டுக்கு அது உதவாது. சான்றிட்ட நகலுக்குத் தனியாக மனுப் போட வேண்டும்.

மூன்றாம் படி: அந்த வரிகளைத் தமிழில் கேளுங்கள்

குறிப்புகள் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்துப் போல இருக்கும். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் நன்றாகக் கைகொடுப்பது இங்கேதான். ஆனால் கேட்கிற விதம் முக்கியம். வெறுமனே 'மொழிபெயர்த்துக் கொடு' என்று கேட்காதீர்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வாசகம் இது:

"இது சென்னையில் ஓர் உரிமையியல் நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கின் குறிப்பு. நான் வாதி. இந்த வரி என்ன சொல்கிறது, அடுத்த வாய்தாவுக்குள் எந்தத் தரப்பு என்ன செய்ய வேண்டும் என்பதை எளிய தமிழில் விளக்கு. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடும் என்றால் இரண்டையும் சொல்."

கடைசி வாக்கியத்தை நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பெரம்பூரிலிருந்து வரும் ஒரு பாட்டி, சகோதரர்கள் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். ஒரு நாள் முகமெல்லாம் மகிழ்ச்சியாக வந்து, "வக்கீலம்மா, நீதிமன்றம் எனக்குப் படிப்பணம் தர வேண்டியிருக்கிறதாமே, எப்போது வரும்?" என்று கேட்டார். பேரன் கைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். நான் குறிப்பைத் திறந்து பார்த்தேன். 'பேட்டா ட்யூ, ஃப்ரெஷ் சம்மன்ஸ் டு டி-2' என்று இருந்தது. பேட்டா என்றால் வெளியே ஓட்டுநர்களுக்குக் கொடுக்கும் படி. நம் நீதிமன்றங்களில் அழைப்பாணை அனுப்புவதற்கு வாதி கட்ட வேண்டிய கட்டணம். இரண்டாம் பிரதிவாதிக்கு அழைப்பாணை போக, பாட்டிதான் பணம் கட்ட வேண்டியிருந்தது. கட்டாமல் விட்டு, அதனால் அழைப்பாணை சேராமல் போனால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 2-இன் கீழ் வழக்கே தள்ளுபடியாகலாம். சின்னத் தொகைதான். அன்றே கட்டிவிட்டோம்.

அதே போல 'கால் ஆன்' என்று ஒரு தேதியோடு இருந்தால், அந்த நாளில் வழக்கு மீண்டும் அழைக்கப்படும் என்று பொருள். யாருக்கும் தொலைபேசியில் பேசச் சொல்லவில்லை. நீங்கள் பிரதிவாதியாக இருந்து, 'செட் எக்ஸ்பார்ட்டி' என்ற சொற்களைக் கண்டால் எந்தச் செயலியிடமும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் வராததால் உங்களை விட்டுவிட்டு வழக்கு நடக்கிறது என்று அர்த்தம். உடனே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: சட்டத்தைச் செயலியின் நினைவிலிருந்து எடுக்காதீர்கள்

நீங்கள் கொடுத்த தாளை விளக்கச் சொல்வது ஒன்று. 'சட்டம் என்ன சொல்கிறது' என்று கேட்பது வேறு. இரண்டாவதில்தான் ஆபத்து. நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மனுவில் மேற்கோள் காட்டினார்கள். 2023 ஜூனில் நீதிமன்றம் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. வழக்கறிஞர்களே ஏமாந்தார்கள் என்றால், முதல்முறை கேட்கிறவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

நம் ஊர் உதாரணம் ஒன்று. வாடகை அட்வான்ஸ். 'மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது' என்று செயலி அழுத்தமாகச் சொல்லும். 2019-இல் நடைமுறைக்கு வந்த, தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பிரிவு 11-ஐத் திறந்து பாருங்கள். மூன்று மாதம் என்று இருக்கிறது; ஆனால் 'மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்ற பொருளில்தான் அந்த வாக்கியமே தொடங்குகிறது. பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தத் தொடக்கச் சொற்கள்தான் எல்லாம்.

எனவே செயலி பிரிவு எண் சொன்னால், மத்திய அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் அந்தச் சட்டத்தைத் தேடிப் பிரிவை முழுமையாகப் படியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னால், அந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்காகவே 2023-இல் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகத் தேடலாம். எங்கு தேடியும் கிடைக்காத தீர்ப்பை இல்லாத தீர்ப்பாகவே கருதுங்கள். குற்றவியல் வழக்கு என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கான பழைய 420, இப்போது 318(4). அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். செயலிகள் இவற்றை அடிக்கடி குழப்புகின்றன.

ஐந்தாம் படி: எதைக் கொடுக்கக் கூடாது

ஆதார் எண், வங்கிக் கணக்கு, கதவு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு, பெயர்களுக்குப் பதில் வாதி, பிரதிவாதி என்று மாற்றிய பிறகே பதிவேற்றுங்கள். குடும்ப நல வழக்கு, குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கு ஆகியவற்றின் தாள்களை எந்தச் செயலியிலும் ஏற்றவே வேண்டாம். வழக்கறிஞரோடு பேசிய உத்திகளும் அப்படித்தான். செயலி எழுதிக் கொடுத்த மனுவை அப்படியே தாக்கல் செய்வதும் வேண்டாம். மனுவில் உள்ளவை உண்மை என்று கையெழுத்துப் போடுவது நீங்கள்.

புரிந்துகொண்டதை வைத்து அடுத்த வாய்தாவுக்கு முன் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். பாட்டியின் பேரன் இப்போது அப்படித்தான் செய்கிறான். போன வாரம் அவன் கேட்ட முதல் கேள்வி: "டி-2-க்கு அழைப்பாணை சேர்ந்துவிட்டதா, மேடம்?"

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்கும்போது சி.என்.ஆர். எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.