மையர் என்னும் ஜெர்மன் குடும்பப் பெயரின் பொருளை அறிவதும் அதைச் சரியாக வழங்குவதும்

மையர் என்பது ஜெர்மனியில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்று. அதன் மூலம் 'பெரியவர்' எனப் பொருள்படும் லத்தீன் சொல். இடைக்காலத்தில் நிலப்பிரபுவின் அல்லது மடாலயத்தின் பண்ணையை நிர்வகித்து, குடியானவர்களிடமிருந்து தானியத்தையும் வரியையும் வசூலித்தவரே மையர். பின்னாளில் பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவரையும் அச்சொல் குறித்தது. இதனுடன் சேர்ந்த கூட்டுப் பெயர்களில் ஓபர்மையர் மேல் பண்ணைக்காரர், நீடர்மையர் கீழ்ப் பண்ணைக்காரர், நொய்மையர் புதிதாக வந்தவர்.

பெயரை ஆராயும்போது முதலில் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். ஒலிப்பு ஒன்றே என்றாலும் நடுவில் ஏ-ஈ (Meier), ஏ-உப்சிலோன் (Meyer), ஆ-ஈ (Maier), ஆ-உப்சிலோன் (Mayer) என ஜெர்மன் எழுத்துகளால் பலவாறாக எழுதுவர்; e, i, a, y ஆகிய எழுத்துகளின் ஜெர்மன் பெயர்களே ஏ, ஈ, ஆ, உப்சிலோன். 'ஆ' வரும் வடிவங்கள் பெரும்பாலும் தெற்கிலும் ஆஸ்திரியாவிலும், ஏ-உப்சிலோன் வடிவம் பெரும்பாலும் வடக்கிலும் காணப்படும். தெற்கே ஹைல்பிரானில் 1814-இல் பிறந்த இயற்பியலாளர் யூலியஸ் ராபர்ட் மையர் முதல் வகையினர். வடக்கே ஃபாரெலில் 1830-இல் பிறந்த வேதியியலாளர் லோத்தார் மையர் இரண்டாம் வகையினர். ஆயினும் எழுத்தை மட்டும் நம்பி உறவையோ ஊரையோ முடிவுசெய்யக் கூடாது. பழைய தேவாலயப் பதிவேடுகளில் ஒரே குடும்பத்தின் பெயர் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருப்பது வழக்கமே.

யூதக் குடும்பங்களில் இப்பெயர் 'ஒளி தருபவர்' எனப் பொருள்படும் மெயிர் என்ற எபிரேய இயற்பெயரிலிருந்தும் வந்திருக்கலாம். அன்றைய ஜெர்மன் அரசுகளுள் ஒன்றான பிரஷ்யா 1812-இல் யூதர்களுக்குக் குடியுரிமை அளித்தபோது நிலையான குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என நிபந்தனை விதித்தது. ஆகவே அகராதியைத் திறப்பதற்கு முன், குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்தது, எந்தச் சமயத்தைப் பின்பற்றியது என்று தேடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மன் பேரரசு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1876 ஜனவரி முதல் நாள் தொடங்கியது. அதற்கு முந்தைய தகவல்களுக்குப் பெரும்பாலும் சமயப் பதிவேடுகளையே நாட வேண்டும். அவற்றைப் படிக்கக் குர்ரென்ட் என்னும் பழைய கையெழுத்து முறையைப் பழகிக்கொள்வது அவசியம்.

நேரில் பேசும்போது ஆணை ஹெர் (திரு) மையர் என்றும் பெண்ணை ஃப்ராவ் (திருமதி) மையர் என்றும் அழைப்பதே மரியாதை. திருமணமாகாத பெண்ணையும் ஃப்ராவ் என்றே அழையுங்கள். கடிதம் எழுதும்போது அவர் கையாளும் எழுத்துக்கூட்டலை அப்படியே பின்பற்றுங்கள். திருமணத்தை வைத்து ஒருவர் பெயரை ஊகிக்கவும் வேண்டாம்: தம்பதியர் தத்தம் பெயரையே வைத்துக்கொள்ளலாம், 2025 மே முதல், இருவர் பெயரையும் இணைத்த இரட்டைப் பெயரை இருவருமே ஏற்கவும் சட்டம் இடமளிக்கிறது.